பகை தணிந்தால் பட்ஜெட் எங்கே குறையும்?

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனி தன்னிடமிருந்த 22 மிக்-29 போர் விமானங்களை இருபது வருஷத்துக்கு முன்னால் போலந்துக்குக் கொடுத்தது. விலை, விமானம் ஒன்றுக்கு ஒரு யூரோ. அன்றைய கணக்கில் ஐம்பது ரூபாய் சொச்சம்.

அவை பழைய கிழக்கு ஜெர்மனியின் விமானங்கள். 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் கிழக்கின் ராணுவம் கலைக்கப்பட்டது. அதன் கப்பல்களில் 39-ஐ இந்தோனேசியா வாங்கிக்கொண்டது. 1991 ஜூலையில் சோவியத் யூனியன் தலைமையிலான ராணுவக் கூட்டணி, வார்சா ஒப்பந்த அமைப்பும் போய்விட்டது. எதிரணியே இல்லை என்றான பிறகு அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணி நாடுகளில் நிதியமைச்சர்கள் பேனாவை எடுத்தார்கள். 1980-களின் நடுவில் நாட்டு உற்பத்தியில் 6 சதவீத அளவுக்கு ராணுவத்துக்குச் செலவிட்ட அமெரிக்கா, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சரி, எதை வெட்டினார்கள்? இதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கணக்கையே பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. ஆத்தூர்ப் பக்கம் ஒரு முன்னாள் ஹவில்தார் இருக்கிறார் என்றால், எல்லையில் அமைதியோ பதற்றமோ, மாதம் பிறந்தால் அவருக்குப் பென்ஷன் வந்தாக வேண்டும். அதில் யாரும் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சம்பளமும் அப்படியே. ஆகவே கத்தி முதலில் விழுவது புதுத் தளவாடம் வாங்கும் பணத்தில்தான். அதே 2025-26 பட்ஜெட்டில் அது சுமார் 1.49 லட்சம் கோடி.

அமெரிக்காவில் நடந்ததும் அதுதான். 1993-ல் பாதுகாப்புத் துறை ஆயுதக் கம்பெனித் தலைவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, இனி இத்தனை பேருக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டது. சாப்பாடு இறங்கியிருக்குமா, தெரியாது! லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும் 1995-ல் ஒன்றாகின. 1997-ல் மெக்டானல் டக்ளஸ் போயிங்கோடு சேர்ந்தது. பெரியவர்கள் சேர்ந்து பிழைத்தார்கள். அவர்களுக்கு நட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்த சின்னப் பட்டறைக்காரர் யாரோடு போய்ச் சேருவார்?

இதை ஏன் சேலத்தில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றால், 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு நம் ஊரும் இருக்கிறது. லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், ராணுவ ஆர்டரை நம்பிக் கடனில் சி.என்.சி. மெஷின் (கணினி புரோகிராம்படி கடையும் மெஷின்) வாங்கலாமா என்று கேட்டார். உலகம் இப்போது ஆயுதம் சேர்க்கும் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2025-ல் ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள் 2035-க்குள் பாதுகாப்புக்கு நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆர்டர் கொஞ்ச காலம் ஓடும் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் பகை தணிந்தால் எங்கே வெட்டு விழும் என்பதையும் அவரிடம் சொன்னேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ராணுவ வேலை நின்றால் அதே மெஷினில் பம்ப் ஷாஃப்ட் ஓடுமா? ஓடும், டூலும் புரோகிராமும் மாற்றினால் போதும் என்றார். அப்படியானால் வாங்குங்கள் என்றேன். ஓடாது என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

நன்றி, வணக்கம்.