செருப்புதான் தேயுமா?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். சமூக நீதியைக் கொண்டுவந்தது வீதியில் நடந்த கால்களா, சபையில் உயர்ந்த கைகளா? நான் கால்கள் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டாரு: "ஊர்வலம் போனா செருப்புதான் தேயும், சட்டம் வந்தாத்தான் கதவு திறக்கும்." நீங்களும் கைதட்டினீங்க. அந்தக் கையை இறக்கிடாதீங்க, எனக்கும் வேணும்.

வைக்கத்துக்கு வாங்க. இன்னைக்குக் கேரளம், அன்னைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1924 மார்ச் 30, தெருவுல நடக்கிற உரிமைக்குப் போராட்டம் ஆரம்பிச்ச நாள். மகாதேவர் கோயிலைச் சுத்தி நாலு பக்கமும் தெரு. கோயிலுக்குள்ளே போறதைச் சொல்லலைங்க, வெளியே இருக்கிற தெரு! அதுல ஈழவர், புலையர்னு தீண்டாமை சொல்லி ஒதுக்கின ஜாதிக்காரங்க நடக்கக் கூடாதுன்னு பலகை வச்சிருந்தாங்க.

தொண்டர்கள் என்ன பண்ணினாங்க? போராட்டக்காரங்க தங்கியிருந்த ஆசிரமத்திலிருந்து கூட்டமா வருவாங்க. பலகைக்குக் கொஞ்ச தூரத்துல மொத்தப் பேரும் நின்னுடுவாங்க. மூணே பேர்தான் முன்னால போவாங்க. ஏன் மூணு? கூட்டமாப் பாஞ்சா "கலகம்"னு தடியைத் தூக்கலாம். மூணு பேர் கைகோத்து நடந்து வந்தா, போலீஸ் கேள்விதானே கேட்க முடியும்?

முதல் நாள் மூணு பேர்: குஞ்ஞாப்பி, புலையர். பாகுலேயன், ஈழவர். கோவிந்தப் பணிக்கர், நாயர், தடை இல்லாத மேல்ஜாதி. "என்ன ஜாதி?"ன்னு கேட்டாங்க. சொன்னாங்க. பணிக்கருக்கு மட்டும் வழி விட்டாங்க. இவங்க இல்லாம நான் போகமாட்டேன்னு நின்னுட்டாரு.

மறுபடியும் சொல்றேன், கேளுங்க! தெரு அவருக்குத் திறந்திருக்கு. ஒரு எட்டு வச்சா அந்தப் பக்கம். வைக்கலே! பிடிச்ச கையை விடலே! மூணு பேரையும் கைது பண்ணினாங்க. அடுத்த நாள் வேற மூணு பேர் வந்தாங்க.

தலைவர்கள் ஒவ்வொருத்தரா உள்ளே போனதும், ஈரோட்டிலிருந்து பெரியார் போய் நடத்தினாரு. ரெண்டு தடவை சிறை. கைது பண்ணப் பண்ண ஆள் கூடுதுன்னு தெரிஞ்சதும் அரசாங்கம் கைதை நிறுத்திட்டு, தெருவை அடைச்சுத் தடுப்பு கட்டுச்சு. தடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து நூல் நூத்தாங்க. ஜூலையில பெருவெள்ளம். போலீஸ் படகுல காவல் நின்னுச்சு. நம்ம ஆட்கள் தண்ணிக்குள்ளே நின்னாங்க. ஐயா, செருப்பு எங்கே தேயுது? அது வெள்ளத்தோட போயிருக்கும்!

நவம்பர் 1. நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில சவர்ண ஜாதா, அதாவது மேல்ஜாதிக்காரங்க ஊர்வலம், கிளம்புது. தடையே இல்லாத ஜாதிக்காரங்க, தடை உள்ளவனுக்காக வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் நடந்தாங்க. சுசீந்திரத்திலிருந்து எம்பெருமாள் நாயுடு இன்னொரு அணியைக் கூட்டிட்டு வந்தாரு. 25,000 பேருக்கு மேல போட்ட கையெழுத்தை சின்ன வயசு ராஜாவுக்காக ஆட்சி நடத்தின ரீஜென்ட் மகாராணி சேது லட்சுமி பாய்கிட்ட கொடுத்தாங்க. அத்தனையும் சவர்ணர் கையெழுத்து!

எதிரணி கொண்டாடுற கைகளுக்கு வருவோம். 1925 பிப்ரவரி, திருவிதாங்கூர் சட்டசபை. தெருவைத் திறக்கச் சொல்லித் தீர்மானம். ஆதரவு 21. எதிர்ப்பு 22. ஒரே ஒரு கை கவுத்துடுச்சு! அதோட கால்கள் வீட்டுக்குப் போச்சா? போகலே. அந்த வருஷம் நவம்பர்ல மூணு தெரு திறந்துச்சு. கிழக்குத் தெரு மட்டும் திறக்கலே. 1936ல எல்லா ஜாதி இந்துக்களும் கோயிலுக்குள்ளே போகலாம்னு ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்துதான் திறந்துச்சு, அதுவும் சட்டந்தானேம்பாரு நம்ம அண்ணன். சட்டந்தான். அந்தச் சட்டத்தை அரண்மனை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போன கால் யாரோடது?

இனிமே எனக்கு வாதம் வேண்டாம் ஐயா. ஒருத்தரை மட்டும் நினைச்சுப் பாருங்க. ராமன் இளையது. பிராமணர். பிறந்த நாள்லேர்ந்து அந்தத் தெரு அவருக்குத் திறந்தே கிடந்தது. அடுத்தவனும் நடக்கணும்னு போய் நின்னாரு. கண்ணுல சுண்ணாம்பைத் தடவினாங்க. பார்வை போச்சு.

தெரு திறந்ததும் அதுல நடந்த ஜனங்களை அவரால பார்க்க முடியாது. காலடிச் சத்தம்தான் கேட்கும். நடுவர் ஐயா, தீர்ப்பு எழுத உட்காரும்போது அந்தச் சத்தத்தை நீங்களும் கொஞ்சம் கேளுங்க. வணக்கம்.