வரிப்பணத்தில் நடந்த முதல் இலவச நூலகம் எது?

வணக்கம். நூலகங்களைப் பற்றிய போன காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். ஊர்ப் பணத்தில் எல்லாருக்கும் இலவசமாக ஒரு நூலகம் என்ற ஏற்பாடு முதலில் எங்கே வந்தது? பாஸ்டன் என்கிறார்கள், சிலர் சால்ஸ்பரி என்கிறார்கள். எது சரி?"

பாஸ்டன் இல்லை. அது பெரிய நூலகம், பேர் பெற்ற நூலகம். ஆனால் வாசகர்களுக்குத் திறந்தது 1854இல்தான். அதற்கு 21 வருடம் முன்பே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சின்ன ஊர் இதைச் செய்துவிட்டது. அப்போது அங்கே இருந்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். ஆற்றங்கரையில் சில பருத்தி ஆலைகள், சுற்றிலும் விவசாயம், அவ்வளவுதான் ஊர்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நியூ ஹாம்ப்ஷயர் அரசு டார்ட்மவுத் கல்லூரியைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1819இல் அரசு தோற்றது. சரி, நாமே ஒரு கல்லூரி தொடங்குவோம் என்று 1821இல் வங்கிகளின் மூலதனத்தின் மேல் ஒரு வரி போட்டு, கல்விக்கென்று தனி நிதி சேர்க்க ஆரம்பித்தார்கள். பணம் சேர்ந்தது, கல்லூரி வரவில்லை. 1828இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, பணத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்க முடிவு செய்தார்கள். இலவசப் பள்ளிகளுக்குச் செலவிடலாம், கல்வி சார்ந்த வேறு காரியங்களுக்கும் செலவிடலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. நூலகமும் கல்விதானே என்று அதைப் பிடித்துக்கொண்ட ஊர் பீட்டர்பரோ.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஏபியல் அபட் என்ற போதகர். அறுபது வயதைத் தாண்டியவர். ஊரில் சிறுவர்களுக்கு ஒரு நூலகம், சந்தா கட்டும் பெரியவர்களுக்கு ஒரு நூலகம் என்று அதற்கு முன்பே நடத்திப் பார்த்திருந்தார். சந்தா நூலகத்தில் காசு கட்டியவருக்குத்தான் புத்தகம். 1833 ஏப்ரல் 9ஆம் தேதி நடந்த ஊர்க்கூட்டம் அந்த நிலையை மாற்றியது. நம் கிராமசபையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் ஒதுக்கும் அதிகாரமும் அந்தக் கூட்டத்தின் கையிலேயே இருந்தது. அந்த ஆண்டு ஊருக்கு வந்த நிதியில் ஒரு பங்கை எடுத்துப் புத்தகம் வாங்கலாம், அது ஊருக்கே சொந்தம், படிக்கக் கட்டணம் கிடையாது என்று தீர்மானித்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பணம் ஒதுக்கினார்கள்.

கட்டடமா? கிடையாது. புத்தகங்களை ஒரு பலசரக்குக் கடையில் வைத்தார்கள். ஊரின் தபால் நிலையமும் அதே கடைதான். கடைக்காரர்தான் தபால்காரர், அவரேதான் நூலகர். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறவர், அப்படியே ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஊர் மக்கள் எப்படியும் வந்து போகிற இடமாகப் பார்த்து வைத்தது எவ்வளவு நல்ல யோசனை! நூலகத்துக்கென்று சொந்தக் கட்டடம் 1893இல்தான் வந்தது. அதை வடிவமைத்தவர் ஜார்ஜ் மோரிசன், மிசிசிப்பி ஆற்றின் மேல் மெம்ஃபிஸ் பாலத்தைக் கட்டிய பொறியாளர்.

பீட்டர்பரோவில் நூலகம் வந்தபோது நூலகத்துக்கென்று தனிச் சட்டமே இல்லை என்பதையும் கவனியுங்கள். நூலகம் நடத்த ஊர்கள் வரி விதிக்கலாம் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் போட்டது 1849இல். பிரிட்டன் 1850இல் போட்டது. நீங்கள் கட்டும் நூலக வரிக்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சட்டம் நிறைவேறியபோது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது.

அப்புறம் சால்ஸ்பரி. கனெக்டிகட் மாநிலத்து ஊர். 1803இல் கேலப் பிங்கம் என்ற பாஸ்டன் புத்தக வியாபாரி, தான் பிறந்த அந்த ஊரின் 9 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 150 புத்தகங்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். 1810இல் ஊர்க்கூட்டம் அதற்கு 100 டாலர் ஒதுக்கியது. ஊர்ப் பணம் நூலகத்துக்குப் போனது அங்கேதான் முதலில் என்றால், அது நியாயமான வாதம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது தனி ஒருவர் கொடையில் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஊரே தொடங்கியது, எல்லா வயதினருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது, வருடா வருடம் பொதுப் பணம் கொடுத்தது என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது பீட்டர்பரோவில். அதனால் என் பதில் பீட்டர்பரோ. அடுத்த கேள்விக்குப் போகலாம்.