கீரைக்கொல்லை கேட்ட ராஜா

(ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அறுப்பின் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியது)

சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும், காணிக்கையாகத் தேங்காய், பரங்கிக்காய், கோழி என்று சுமந்து வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இவற்றின் ஏலம் எப்போது ஆரம்பிக்கும் என்று பார்க்கிறீர்கள். கோழியும் பார்க்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

வேதத்தில் கொலோசெயர் 3:5. விபசாரம், அசுத்தம், மோகம் என்று அடுக்கிக்கொண்டே வருகிற அப்போஸ்தலன் பவுல், கடைசியில் "விக்கிரகாராதனையான பொருளாசை" என்கிறார். அந்த வரிசையில் வேறு எதற்கும் இந்தப் பட்டம் இல்லை. எபேசியர் 5:5-லும் இதையே சொல்கிறார். விக்கிரகம் என்றதும் நமக்கு அடுத்த வீட்டுப் பூஜை மாடம்தான் ஞாபகம் வரும். நமக்கு அது வசதி. பவுல் எழுதினது சபைக்கு ஐயா. அவர் கை காட்டுவது நம் வீட்டு பீரோவை.

கிரேக்கத்தில் அவர் போட்ட சொல் 'பிளியோனெக்சியா'. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்பது. சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தர் 1529-ல் 'பெரிய ஞானோபதேசம்' என்ற உபதேசப் புத்தகத்தில், உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறதோ அதுதான் உன் தேவன் என்று விளக்கினார். சரிதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. விக்கிரகம் நம்பிக்கையை மட்டும் கேட்டால் பரவாயில்லை. அது பலி கேட்கும். அதுவும் அடுத்தவனைக் கேட்கும்.

1 இராஜாக்கள் 21-ஐப் பாருங்கள். இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்கு அரமனை இருக்கிறது. பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம். அதைக் "கீரைக்கொல்லையாக்கும்படி" கொடு என்கிறான். கொல்லை, நம்ம ஊர் வார்த்தை! நாபோத், அது என் பிதாக்களின் சுதந்தரம், அதாவது முன்னோர் வழிச் சொத்து, தரமாட்டேன் என்கிறான். உடனே ராஜா சாப்பிடாமல் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்கிறான், சைக்கிள் கேட்ட பிள்ளை மாதிரி. அப்புறம் அவன் மனைவி யேசபேல் என்ன செய்தாள்? ராஜ முத்திரை போட்டுக் கடிதம் எழுதி, முதலில் உபவாசம் கூறச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் பொய்ச்சாட்சி, கல்லெறி. உபவாசக் கூட்டம் போட்டு ஆளைக் கொன்றிருக்கிறார்கள். இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குக் குலை நடுங்கும்.

நம்ம பாலாற்றுக்கு வருவோம். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்நியச் செலாவணி கொண்டுவருகிற தொழில்தான், ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

முதலாளியைத் திட்டிவிட்டு உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் ஷூ கம்பெனிச் சம்பளத்திலிருந்துதான் இங்கே பல பேர் காணிக்கை போடுகிறோம். ஆற்று மணல் லாரி லாரியாகப் போனதே, அது எங்கே போனது? நம்ம மாடி வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒரு மாடி போதும் என்றிருந்தவர்கள்தானே நாம்? அப்புறம் இன்னும் வேண்டும் என்றோம். கிணற்றில் உப்பு ஏறினவன் நாபோத். அவன் நம் தெருவிலேயே இருக்கிறான். இன்றைக்குத் தேங்காய் கொண்டுவராமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

நாபோத் செத்த செய்தி கேட்டு ஆகாப் அந்தத் தோட்டத்துக்குப் போனான். தேவன் அனுப்பின தீர்க்கதரிசி எலியா அங்கே அவனுக்கு எதிரே வந்து நின்றான். கீரை விதைத்ததாக எழுதியில்லை.