கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போகலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடையை மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சென்னை மக்களே, வணக்கம்.

வானிலைத் தகவலையும் அன்றாடச் செய்தியையும் நாம் நம்ப மறுப்பது விழிப்பா, சோம்பலா என்பது இன்றைய வழக்கு. சோம்பலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 2024 அக்டோபரைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நடந்தது நடந்ததுதான். வானிலை மையத்தார் ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. 16ஆம் தேதி வந்தது, சொன்ன அளவு மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் நமக்குச் சற்று வடக்கே தள்ளிப் போய்க் கரையைக் கடந்தது. உடனே ஊரெல்லாம் சிரிப்பு.

சரி, 2021 டிசம்பர் 30ஐ நண்பர் ஏன் தொடவில்லை? அன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமலே நகரத்தில் கொட்டித் தீர்த்தது. 'ஏன் சொல்லவில்லை' என்று வைததும் இதே வாய்தான். சொன்னாலும் ஏச்சு, சொல்லாவிட்டாலும் ஏச்சு! மேம்பாலத்தில் காரை நிறுத்தியவர் ஏமாளியா என்பதை, 2015இல் காரை வெள்ளத்தில் பறிகொடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்ததாக, '2015 வெள்ளத்தில் ஒரு செய்தியில் 49 சென்டிமீட்டர், இன்னொன்றில் 29 சென்டிமீட்டர். எவன் பொய் சொல்கிறான்?' என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டதுதான் குறை. 49 தாம்பரத்தில் பெய்தது, 29 நுங்கம்பாக்கத்தில் பெய்தது. இரண்டுமே டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரக் கணக்கு. மழைச் செய்தி ஒவ்வொன்றிலும் இந்த 'காலை 8.30 மணியுடன் முடிந்த' என்ற தொடர் இருக்கிறது. நம் கண்தான் அதைத் தாண்டி எண்ணில் போய் விழுகிறது. 1ஆம் தேதி பகலில் நனைந்தவர், அந்த மழை 2ஆம் தேதிக் கணக்கில் வருவதைப் பார்த்துவிட்டு 'தேதியையே மாற்றிவிட்டார்கள்' என்கிறார். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் மழைமானியைப் பார்த்தால்தானே ஊருக்கு ஊர் ஒப்பிட முடியும்?

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 49 சென்டிமீட்டர் என்றால் மொட்டைமாடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 490 லிட்டர். நம்பிக்கை இல்லையா? அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் ஒன்றை இன்றிரவு மாடியில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகளாக ஐயப்படுகிறவர்களில் எத்தனை பேர் பாத்திரம் வைத்தார்கள்?

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். வானிலை அறிக்கை என்றாலே 'சும்மா இருங்கள்' என்று கையை வீசுவார். ஆனால் ஜூலை பிறந்தால் அவரிடமிருந்து தவறாமல் ஒரு வாட்ஸ்அப் வரும். 'சூரியன் 9 கோடியிலிருந்து 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகிவிட்டது; ஆகஸ்ட் வரை கடுங்குளிர், ஜாக்கிரதை.' ஜூலைத் தொடக்கத்தில் நாம் சூரியனிலிருந்து 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது உண்மை. ஆனால் ஆண்டு முழுவதற்குமான சராசரியே கிட்டத்தட்ட 15 கோடிதான்! அந்த 9 கோடி எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்டதில்லை. மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டுதான் அதை அனுப்புகிறார். நுங்கம்பாக்கத்து வானிலை மையத்துக்கு ஒரு நீதி, வாட்ஸ்அப்புக்கு ஒரு நீதியா?

எதிரணியின் பலமான வாதம் இன்னொன்று: நகரத்தில் கான்கிரீட் பெருகியது, அதனால்தான் வெப்பமானி கூடுதலாகக் காட்டுகிறது, உலகம் சூடாவதாகச் சொல்வது கணக்குக் கோளாறு. இதை எள்ளி ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார். அவர் குழுவுக்குப் பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலில் இருந்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. எழுப்பியவர் எழுந்து போகவில்லை. உலகெங்கும் உள்ள பதிவுகளைத் திரட்டினார், நகரத்தை விட்டு விலகிய நிலையங்களைத் தனியே பிரித்துப் பார்த்தார். 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.5 டிகிரி ஏறியிருக்கிறது, அதற்கு நகரச் சூடு காரணமில்லை என்று கணக்கு வந்தது. 2012இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக எழுதினார். நண்பர்களே, ஐயம் என்றால் அது ஐயம்!

செய்திக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தூறல் போட்டாலும் 'வரலாறு காணாத மழை' என்று திரையின் அடியில் ஓட விடுகிறார்கள். ஆனால் அந்த வரலாறு இருக்கிறதே! 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. சென்னையின் மழைக் கணக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. 'வரலாறு காணாத' என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டின் மழையை மிஞ்சியது என்று திருப்பிக் கேளுங்கள். அது விழிப்பு. 'எல்லாம் பொய்' என்று சேனலை மாற்றுவது என் அணிக்குக் கிடைத்த சாட்சி.

நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரே வேண்டுகோள். நீங்கள் நம்ப மறுப்பது எந்த நிலையத்தின், எந்த நாளின், எந்த எண்? அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.