வழக்குப் போட உனக்கு என்ன உரிமை?

நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1846 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் ஒரு கணவனும் மனைவியும் தனித்தனியாக மனுக் கொடுத்தார்கள். இருவருக்கும் எழுதத் தெரியாது; கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட். எங்களை அடிமைத்தனத்திலிருந்து விடுதலை செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அது அசட்டுத் துணிச்சல் இல்லை. ஸ்காட்டின் எசமானர் எமர்சன் ராணுவ மருத்துவர். மாற்றலாகிப் போன இடத்துக்கெல்லாம் ஸ்காட்டைக் கூட்டிப்போனார். முதலில் அடிமைமுறைக்கு இடமில்லாத இல்லினாய்ஸ். அப்புறம் வடக்கே ஸ்னெல்லிங் கோட்டை. அந்தப் பகுதியில் 1820ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமைமுறைக்குத் தடை. ஹாரியட்டை ஸ்காட் கல்யாணம் செய்தது அங்கேதான். தென்மாநிலச் சட்டங்கள் அடிமைகளின் கல்யாணத்தைக் கல்யாணமாகவே ஏற்காத காலம் அது. இந்தக் கல்யாணத்தையோ அரசு அதிகாரியான ஹாரியட்டின் எசமானரே முன்னின்று சட்டப்படி நடத்தி வைத்தார். அடிமையாகவே கருதும் பெண்ணுக்கு யாராவது அப்படிச் செய்து வைப்பார்களா?

முன்மாதிரியும் இருந்தது. ரேச்சல் என்ற பெண்ணை ஒரு ராணுவ அதிகாரி அதே கோட்டைக்குக் கொண்டுபோயிருந்தார். அவர் விடுதலை பெற்றவர்தான் என்று மிசூரி உச்ச நீதிமன்றம் 1836லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஸ்காட் வழக்கிலும் 1850இல் நடுவர் குழு விடுதலை என்றது. 1852இல் அதே உச்ச நீதிமன்றம், காலம் முன்போல் இல்லை என்று சொல்லி அதைக் கவிழ்த்தது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வழக்கு நடந்த காலத்தில் இருவரையும் ஷெரிஃப் கூலிவேலைக்கு அனுப்பினார். அந்தக் கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. எசமானர் யார் என்று முடிவாகட்டும் என்று தனியே வைக்கப்பட்டது.

வழக்கு வாஷிங்டனுக்கு, நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1857 மார்ச் 6. தலைமை நீதிபதி ரோஜர் டானி ஸ்காட்டின் விடுதலைக்கு முன்னால் வேறொரு கேள்வியை வைத்தார்: வழக்குப் போட இவர் யார்? கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வரக் குடிமகனாக இருக்க வேண்டும். நாடு உருவானபோது கறுப்பர்களுக்கு வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் இருக்கவில்லை. ஆகவே அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும் அவர்களின் வழித்தோன்றல் எவரும் குடிமகன் ஆக முடியாது என்றார். 1820ஆம் ஆண்டுத் தடையும் செல்லாது என்றார். எழுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம்.

அந்த இருவரில் ஒருவரான பெஞ்சமின் கர்ட்டிஸின் மறுப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் உணர்ச்சிவசப்படவில்லை, ஏட்டைப் புரட்டினார். நாடு உருவானபோதே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில், தகுதி இருந்தால் விடுதலை பெற்ற கறுப்பர்கள் வாக்களித்தார்கள் என்று காட்டினார். அதாவது, டானி எந்த வரலாற்றின் மேல் தீர்ப்பைக் கட்டினாரோ, அந்த வரலாறே பொய். ஓர் இனத்தின் உரிமையையே பறிக்கும் தீர்ப்புக்கு இந்த ஐந்து பெயர்களைத் தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கர்ட்டிஸ் அதே ஆண்டு பதவி விலகினார்.

சில வாரங்களில் ஸ்காட் குடும்பத்துக்கு விடுதலை கிடைத்தது. நீதிமன்றத்தால் அல்ல, எமர்சனுக்கு முந்தைய எசமானர் குடும்பத்தில் ஒருவர் எழுதிக்கொடுத்ததால். ஸ்காட் ஒரு ஹோட்டலில் சுமைதூக்கி வேலை பார்த்தார். 1858இல் காசநோயில் இறந்தார்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் அரசியல் சட்டத்துக்கு 14ஆவது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் குடிமக்கள். டானியின் தீர்ப்பைத் துடைக்கவே எழுதிய வாக்கியம் இது. சாதாரணச் சட்டமாக விட்டால் அடுத்த அவை மாற்றிவிடலாம் என்றுதான் அரசியல் சட்டத்திலேயே வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் 1895இல் சீனா போய்த் திரும்பியபோது இறங்க விடவில்லை. 1898இல் உச்ச நீதிமன்றம் இந்த வாக்கியத்தைக் காட்டித்தான் அவரைக் குடிமகன் என்றது.

ஆனால் ஒமாஹா நகரில் வாக்காளராகப் பதியப்போன பூர்வகுடி ஜான் எல்க்குக்கு 1884இல் அதே நீதிமன்றம் அதே வாக்கியத்தைக் காட்டிக் கதவை மூடியிருந்தது. பழங்குடியில் பிறந்தவர் அந்த வரம்புக்குள் முழுமையாக வரவில்லையாம். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது 1924இல். அதன் பிறகும் சில மாநிலங்கள் அவர்களுக்கு ஓட்டு தர மறுத்தே வந்தன.