14-ஆம் தேதி வரும் 2பி, நீங்கள் எழுதும் முதல் பைத்தான் புரோகிராம்

[திரையில்: இரண்டு எக்செல் ஷீட். இடப்பக்கம் கடையின் கொள்முதல் கணக்கு, வலப்பக்கம் 2பி]

வணக்கம். மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் 2பி வந்துவிடும், சப்ளையர்கள் உங்கள் பெயரில் காட்டிய பில்கள் எல்லாம் அதில் இருக்கும். 20-ஆம் தேதிக்குள் 3பி, அதாவது அந்த மாதத்தின் வரிக் கணக்கைப் போட வேண்டும். நடுவில் இருக்கிற ஆறு நாளில் உங்கள் கணக்கில் ஏறிய ஒவ்வொரு பில்லும் அங்கே வந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் 2022 ஜனவரி 1 முதல் சப்ளையர் காட்டாத பில்லுக்கு இன்புட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 50,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் வரி 9,000. அதை சப்ளையரிடம் கொடுத்தாகிவிட்டது. அவர் பில்லைக் காட்டாமல் விட்டுவிட்டால் அந்த 9,000-ஐ இந்த மாதம் உங்கள் கையிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டிவரும்.

எங்கள் ஹார்டுவேர் கடையில் இந்த வேலையை நான் பல வருடம் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் டிக் போட்டுத்தான் செய்தேன். பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரக் கோலம் போடுவது, பகா எண் கண்டுபிடிப்பது என்று தொடங்கினால் கடை வைத்திருப்பவருக்கு இரண்டாவது வாரமே ஆர்வம் போய்விடுகிறது. இதில் விடை சரியா தப்பா என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் போன மாதத்துக்கு நீங்கள் கையால் பார்த்து வைத்த கணக்கு பக்கத்திலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கையால் பார்க்கும்போது நான் என்ன செய்கிறேன்? ஒரு பில்லை எடுக்கிறேன், 2பி-யில் தேடுகிறேன், இருந்தால் தொகையைப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் தனியாகக் குறித்துவைக்கிறேன், அடுத்த பில்லுக்குப் போகிறேன். இதில் "அடுத்த பில்லுக்குப் போகிறேன்" என்பதுதான் ஃபார் லூப், "இருந்தால், இல்லாவிட்டால்" என்பது இஃப், எல்ஸ். உங்களுக்குத் தெரிந்த வேலைதான், பெயர்தான் புதிது.

சரி, "தேடுகிறேன்" என்று எழுதினோமே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

[திரையில்: ஐஎன்வி/0045, ஐஎன்வி-45, ஐஎன்வி 45]

இந்த மூன்றும் ஒரே பில் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. பைத்தானுக்கு மூன்றும் வேறு வேறு. எது ஒன்று, எது வேறு என்பதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், அதை எந்த மென்பொருளும் உங்களுக்காக முடிவு செய்யக் கூடாது. இதற்கு ஜிஎஸ்டி விதியே கை கொடுக்கிறது. பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் அதே சப்ளையர் அதே நம்பரை இரண்டு முறை போடக் கூடாது. ஆக, சப்ளையரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, பில் நம்பர், இந்த மூன்றையும் ஒட்டினால் அந்தப் பில்லுக்கென்று தனி அடையாளம் கிடைத்துவிடும். அதைத்தான் சாவி என்கிறோம்.

பில் நம்பரில் உள்ள கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, அப்படியே செய்தேன். அப்புறம் 1/11 என்ற பில்லும் 11/1 என்ற பில்லும் இரண்டுமே 111 ஆகி, வராத ஒரு பில் வந்ததாகக் காட்டியது. அதனால் குறிகளை முழுவதும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சாய்கோடாக மாற்றுங்கள், எண்களுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யங்களை மட்டும் எடுங்கள், கூடவே வரித் தொகையையும் ஒப்பிடுங்கள்.

[திரையில்: டிக்ஷனரி, சாவியும் தொகையும் இரண்டு பத்தியாக]

இப்போது டிக்ஷனரி. 2பி-யின் ஒவ்வொரு வரியையும் படித்து, சாவிக்கு எதிரே வரித் தொகையைப் போட்டு வையுங்கள். அகராதியில் சொல்லைத் தேடி நேராகப் பொருளுக்குப் போகிற மாதிரி, சாவியைக் கொடுத்தால் தொகை வரும். ஆயிரம் பில் இருந்தாலும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகக் கற்க நேரம் இருக்கிறது என்றால் டிக்ஷனரியைக் கற்றுக்கொள்ளுங்கள். பாக்கி, ஸ்டாக், யாருக்கு என்ன விலை, கடைக் கணக்கில் பாதி இதற்குள் அடங்கும்.

வழியில் தடுக்கும் இடங்கள் சில உண்டு. ஷீட்டை சிஎஸ்வி ஃபைலாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எடுத்துப் படித்தால் எண்களும் எழுத்தாகத்தான் வரும். 500-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 500300 என்று நிற்கும். எண்ணாக மாற்றப் போனால் 1,18,000-இல் இருக்கும் காற்புள்ளி பிழை காட்டும், அதை முதலில் நீக்க வேண்டும். அந்த சிஎஸ்வி ஃபைலை நடுவில் எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள், 0045 வெறும் 45 ஆகிவிடும், 3-12 தேதியாகிவிடும். தொகை அப்படியே சமமா என்றும் கேட்காதீர்கள். பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், தசமங்களை உள்ளே இரும எண்ணாக வைத்திருப்பதால் வரும் நுண்ணிய வித்தியாசம் அது. வித்தியாசம் ஒரு ரூபாய்க்குள் இருந்தால் சரி என்று எழுதுங்கள்.

பைத்தான் இலவசம். இன்ஸ்டால் செய்யத் தயக்கமாக இருந்தால் பிரௌசரிலேயே கூகுள் கோலாப்பில் எழுதிப் பாருங்கள். முதலில் ஐந்தே பில்லை வைத்து ஓட்டுங்கள், அதில் ஒன்றை வேண்டுமென்றே 2பி பக்கத்தில் அழித்துவிட்டு, அது மாட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டினால் போன மாதக் கணக்கு முழுவதையும் கொடுங்கள்.

[திரையில்: "2பி-யில் வராதவை" பட்டியல், பெரிய தொகை மேலே]

வராத பில்களை வரித் தொகைப்படி இறக்கி அடுக்குங்கள், 15-ஆம் தேதி காலையில் மேலே இருக்கும் சப்ளையருக்கு முதல் போன். அது முடிந்ததும் அதே புரோகிராமைத் திருப்பிப் போட்டு ஓட்டுங்கள்: 2பி-யில் இருக்கிறது, நம் கணக்கில் இல்லை. கணக்கில் ஏற்ற மறந்த பில்லும், வேறு யாருக்கோ போட வேண்டியதை நம் எண்ணில் போட்ட பில்லும் அதில்தான் தெரியும்.