ரத்தக்காட்டேரி ஏன் ஸ்டீம்போட்ல ஏறுது? ஃபீவர் ட்ரீம் நாவல் பத்தி

வணக்கம் மக்களே. கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதைய எழுதின ஜார்ஜ் ஆர் ஆர் மார்ட்டின் அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1982-ல, ஒரு வேம்பயர் நாவல் எழுதியிருக்காரு, பேரு ஃபீவர் ட்ரீம். அவரு கொஞ்ச வருஷம் மிசிசிப்பி கரையில இருக்குற டுபுக் ஊர் காலேஜ்ல பாடம் எடுத்தவரு, அதனாலயோ என்னவோ இதுல ஆறு சும்மா பேக்ரவுண்டா நிக்கல, கதையோட சேர்ந்தே ஓடுது.

[திரையில்: செயின்ட் லூயிஸ்ல இருந்து நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் ஆத்து மேப்]

வருஷம் 1857. ஆப்னர் மார்ஷ்னு ஒரு கேப்டன், ஆளு மலை மாதிரி, சாப்பாட்டுல வெளுத்து வாங்குவாரு, பேச்சு முரடு ஆனா நேர்மையானவரு. ஐஸ் கட்டி நொறுக்கி அவரோட கப்பல்ல முக்காவாசி போச்சு, கையில காசில்ல. அப்போ ஜோஷுவா யார்க்னு வெளுத்த முகத்தோட ஒரு பணக்காரன் வந்து, உங்க கம்பெனில பாதி எனக்கு குடுங்க, நீங்க கனவு கண்ட கப்பல கட்டித்தரேன், ஆனா நான் பகல்ல தூங்குவேன் ராத்திரி தான் வெளிய வருவேன், என்னயும் என் ஆளுங்களயும் பத்தி ஒண்ணும் கேட்கக்கூடாதுங்கிறான். மார்ஷுக்கு ஒரே ஆசை தான், எக்லிப்ஸ் கப்பல ரேஸ்ல ஜெயிக்கணும். எக்லிப்ஸ் கற்பனை இல்லீங்க, 1852-ல நியூ ஆல்பனில கட்டின நிஜ கப்பல், நீளம் மட்டுமே 360 அடிக்கு மேல.

இப்போ முக்கியமான கேள்வி, ஏன் கப்பல்? யோசிச்சு பாருங்க, தினம் ஒரு ஊர்ல நிக்குது, யாரோ ஏறுறாங்க யாரோ இறங்குறாங்க, ஒருத்தர் காணாம போனா அடுத்த கரையில இறங்கிட்டாரு போலன்னு விட்டுடுவாங்க, இல்ல ஆத்துல விழுந்துட்டாருன்னுவாங்க. வேட்டையாடுறவனுக்கு இதவிட வசதி வேற என்ன வேணும். அதே கப்பல் நடு ஆத்துல போறப்போ உள்ள இருக்கவங்களுக்கு தப்பிக்க வழியே கிடையாது.

வேம்பயர் இல்லாமலே அந்த கப்பலுங்க ஆபத்து தான், அது வேற விஷயம். நீராவி உண்டாக்குற ஹை பிரஷர் பாய்லர், வேகம் வேணும்னா அடுப்புல பன்னிக் கொழுப்பெல்லாம் போட்டு எரிப்பாங்க, பாய்லர் வெடிச்சா கூண்டோட சாவு தான். எழுத்தாளர் மார்க் ட்வைன் கப்பல் ஓட்ட கத்துக்க ஆரம்பிச்சதும் இதே 1857-ல தான், அடுத்த வருஷமே பென்சில்வேனியா கப்பல் வெடிச்சதுல அவரோட தம்பி ஹென்றி செத்துட்டாரு.

ஆனா என்னை உலுக்கினது இதெல்லாம் இல்ல. நாவலோட வில்லன் டேமன் ஜூலியன், லூசியானால ஒரு தோட்டத்துல இருக்குறான், அவனுக்கு கையாளு சவர் பில்லி டிப்டன்னு ஒரு மனுஷன். பில்லி நியூ ஆர்லியன்ஸ் அடிமைச் சந்தைக்கு போய் அழகான பொண்ணுங்களா பாத்து பேரம் பேசி வாங்கிட்டு வர்றான், ஜூலியன் ரத்தம் குடிக்குறான். அவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேட்கப் போறதில்ல, காசு குடுத்து வாங்கின சொத்து தானே. கறுப்பின மக்கள் அமெரிக்க குடிமக்களே இல்லன்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் டிரெட் ஸ்காட் வழக்குல தீர்ப்பு சொன்னதும் அதே 1857 மார்ச்ல தான். ஜூலியன் மனுஷங்கள மாடுன்னு தான் சொல்றான், அத கேட்டு பயப்படுற வெள்ளைக்கார சமூகம் சந்தையில மனுஷங்கள அப்படித்தான் வித்துட்டு இருந்துச்சு. இந்த எடத்துல தான் இது வெறும் பேய்க்கதையா இல்லாம போகுது.

இதுல சிலுவை, பூண்டு எதுவும் வேலைக்கு ஆகாது. இவங்க செத்து எழுந்தவங்க இல்ல, பிறப்புலயே தனி இனம். அப்போ கடிச்சா யாரும் வேம்பயரா மாற முடியாது, பில்லிக்கு மட்டும் அது தெரியாது, என்னைக்காவது நம்மளயும் மாத்துவாருன்னு நம்பிட்டே எல்லா பாவத்தையும் செய்றான். யார்க் நேர் எதிர், ரத்த தாகத்த அடக்க ஒரு மருந்து கண்டுபிடிச்சு தன் இனத்தயே மாத்தப் பாக்குறான். யாரு ஜெயிக்குறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

குறையும் இருக்கு. கதை திடீர்னு 1870-க்கு தாவுற எடத்துல வேகம் விழுந்துடுது, அடிமைகளோட குரல் இன்னும் நிறைய வந்திருக்கணும். அப்புறம் கைக்குழந்தை வர்ற ஒரு சீன் ரொம்ப கொடூரம், மனசு தாங்காதுன்னா அந்த பக்கத்த தாண்டிடுங்க, கதை புரியும்.